குறட்டையும் பழைய வண்டியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

ஆண்டு விழா மேடை புலவர்க்கு உரிய மேடை. சிலம்பும் குறளும் கம்பன் கவியும் முழங்க வேண்டிய இவ்விடத்தில், ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள், அதுவும் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவர்கள், ஏறி நிற்பது பெருந்துணிவே ஆகும். எனினும் செயலாளர் அவர்கள் விடவில்லை. "ஞாயிற்றுக்கிழமைதோறும் நீங்கள் ஐந்தாறு பேர் வேப்பமரத்தடியில் கூடி மணிக்கணக்கில் பேசுகின்றீர்களே, அதைத்தான் வந்து இங்கும் பேசுங்கள்" என்று கட்டளையிட்டார். ஆகவே எங்கள் நண்பர் குழுவின் சார்பில் இங்கு நிற்கின்றோம். "நான்" என்னாது "நாங்கள்" என்று பேசுவதன் காரணமும் அதுவே. இங்கே சொல்லப் போவது ஒருவருடைய அறிவன்று. பலர் கூடிப் பேசிப் பேசித் திரண்டது.

பேசுவதற்கு எடுத்துக்கொண்ட பொருள் குறட்டை. பொருளைச் சொன்னவுடன் பலர் முறுவலிப்பதைக் காண்கின்றோம். தாய்மார்கள் சிலர் தம் கணவரைத் தேடித் திரும்பிப் பார்ப்பதையும் காண்கின்றோம். முறுவல் நல்லதே. ஆயினும் இப்பேச்சு முடிவதற்குள் அம்முறுவல் சிறிது கவலையாகவும், அக்கவலை ஒரு செயலாகவும் மாற வேண்டும் என்பது எங்கள் விருப்பம். ஏனெனில் குறட்டை நாம் நினைப்பதுபோல் நல்லுறக்கத்தின் அறிகுறி அன்று. பல வேளைகளில் அஃது உறக்கமே இல்லாமையின் அறிகுறி. இதனை நாங்கள் எவ்வாறு அறிந்தோம் என்பதை முறையாகச் சொல்கின்றோம்.

எங்கள் குழு பெரிதன்று. கணக்குப் பிரிவில் பணியாற்றுபவர் ஒருவர், ரயில் ஓட்டும் லோகோ பைலட் ஒருவர், தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், குமாஸ்தாக்கள் இருவர். தஞ்சை, நெல்லை, ஆர்க்காடு, பாலக்காடு என்று ஊர்கள் பல. வாரமெல்லாம் சர்க்காருக்கு உழைத்து, ஞாயிறு ஒன்றைத் தமக்கென வைத்துக்கொண்டவர்கள். ஆசிரியருக்குப் பழைய நூல்களைத் திரட்டுவது பொழுதுபோக்கு. தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிறுதோறும் விரிந்து கிடந்த பழைய புத்தகக் கடைகள் 2019-ஆம் ஆண்டில் தில்லி கேட் அருகிலுள்ள மகிளா ஹாட்டுக்கு மாறிய பின்னும் அவருடைய நடை ஓயவில்லை. பெரியவருக்கு அஞ்சல் தலைகள். குமாஸ்தாக்களுக்குக் கேரம் பலகை. அதோடு தொட்டியில் வைத்த கறிவேப்பிலைச் செடி. தில்லியின் தை மாதக் குளிரிலிருந்து ஒரு கறிவேப்பிலைச் செடியைக் காப்பாற்றுவது பிள்ளை வளர்ப்பதற்கு இணையான பணி என்பதை இங்குள்ள தாய்மார்கள் அறிவார்கள். சாக்கு சுற்றுவதும், பகலில் வெயிலுக்கு நகர்த்துவதும், இரவில் உள்ளே எடுப்பதுமாக அதற்கே ஒரு ஞாயிறு போய்விடும்.

பேச்சு எங்கே தொடங்கினும் பழைய வண்டியில் வந்துதான் நிற்கும். அதற்குக் காரணம் கணக்குப் பிரிவு நண்பர். அவருடைய தந்தையார் தில்லிக்கு உத்தியோகத்திற்கு வந்த காலத்தில் வாங்கிய லாம்பிரெட்டா ஸ்கூட்டர் ஒன்று இன்றும் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கின்றது. அலுவலகம் போக வர வேறு வண்டி உண்டு. லாம்பிரெட்டாவுக்கு ஞாயிறு மட்டும் பூசை. அதற்கு வேண்டிய உதிரிப் பாகங்களைத் தேடிக் கஷ்மீரி கேட்டிலும் கரோல்பாகிலும் அவர் நடந்த தூரத்தை அளந்தால் ஊருக்கே நடந்து போய்விடலாம்.

பழைய வண்டி என்றால் இளக்காரமாக எண்ண வேண்டா. தில்லியில் இருப்பவர்களுக்கு அதன் பெருமையை எடுத்துச் சொல்லவும் வேண்டா. சாணக்கியபுரியில் 1977-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ரயில் அருங்காட்சியகத்தின் புகழெல்லாம் பழைய வண்டிகளின் புகழ்தானே! 1855-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு லீட்ஸ் நகரில் செய்து, கப்பலேறிக் கல்கத்தா வந்து, 1909-ஆம் ஆண்டோடு ஓய்வு பெற்ற 'ஃபேரி குவீன்' என்னும் நீராவி எஞ்சின், எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து 1997-ஆம் ஆண்டில் தில்லிக்கும் ஆல்வாருக்கும் இடையே மீண்டும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடிற்று. தொடர்ந்து ஓடும் நீராவி எஞ்சின்களுள் உலகிலேயே மூத்தது என்று மறு ஆண்டே கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது. நம் பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளரின் கைகள் அதனைச் செப்பனிட்டன என்பது நமக்கு இரட்டைப் பெருமை. 1914-ஆம் ஆண்டின் ஜான் மோரிஸ் தீயணைப்பு வண்டியும் அங்கேதான் நிற்கின்றது. 1964-ஆம் ஆண்டில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை இந்நகரில் தொடங்கிய பழைய கார்களின் அணிவகுப்பில் அவ்வண்டி மணியடித்துக்கொண்டு போவதைக் கண்ட பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

மறுபுறம், பழைய வண்டிக்குத் தில்லியைப் போல் கெடு வைத்த நகரமும் இல்லை. காற்று மாசின் பொருட்டு, பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து என்னும் கெடுவை 2018-இல் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்திற்று. கெடு கடந்த வண்டிகளுக்கு எரிபொருளே ஊற்றலாகாது என்று 2025-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஓர் ஏற்பாடு வந்து, சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டதும் நினைவிருக்கும். இவற்றுக்கு நடுவே, ஐம்பது ஆண்டு கடந்து, பழைய உருவம் மாறாமல் இருக்கும் வண்டிகளை வி.ஏ. என்னும் எழுத்துகளோடு தனியே பதிவு செய்துகொள்ளலாம்; கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் மட்டும் ஓட்டலாம் என்று மத்திய அரசு 2021-இல் விதி செய்தது. எங்கள் நண்பர் அந்த எழுத்துகளுக்காகக் காகிதங்களைத் திரட்டிக்கொண்டிருக்கின்றார்.

இவ்வளவும் எதற்குச் சொன்னோம்? பழைய வண்டியைப் பேணுகின்றவன் முதலிற் பழகுவது காது கொடுத்துக் கேட்பது. எஞ்சினை உதைத்துக் கிளப்பிய உடனே, கண்ணை மூடிக்கொண்டு எங்கள் நண்பர் சொல்லிவிடுவார்: "சைலன்ஸரில் ஓட்டை", "பிளக் சரியில்லை". ரயில்வேயிலும் அப்படியே. முற்காலத்தில் நின்ற வண்டியின் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஒலி தெளிவாக வந்தால் நலம், மழுங்கி வந்தால் விரிசல் என்று அறிந்தார்கள். இன்றும் நீண்ட தூர வண்டி நிலையத்துள் நுழையும்போது, பாதையின் இருபுறமும் ஊழியர் குந்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வேடிக்கை பார்க்க அமர்ந்தவர்கள் அல்லர். ஓடிவரும் சக்கரத்தைக் கண்ணாலும் காதாலும் சோதிப்பவர்கள். ஓசை மாறினால் வண்டியை விடமாட்டார்கள்.

சென்ற பொங்கல் ஒன்றில், காலனிக் குடும்பங்கள் கூடியிருந்தபொழுது, நண்பர் தம் லாம்பிரெட்டாவின் ஓசை நயத்தை விரித்துரைத்துக்கொண்டிருந்தார். அப்பொழுது அவருடைய இல்லத்தரசியார் எங்களை நோக்கிச் சொன்னார்: "அண்ணா, வண்டியின் சத்தத்தை இவர் நாள் முழுதும் கேட்கிறார். இரவில் இவர் போடும் சத்தத்தை நான் ஒருத்திதான் கேட்கிறேன். அந்தச் சத்தம்கூடப் பழகிவிட்டது. அது நடுவில் நின்றுபோகிறதே, அப்பொழுதுதான் எனக்குப் பயம்."

அன்பர்களே! இச்சொல்லை நன்கு கவனியுங்கள். சத்தம் அச்சமன்று, சத்தம் நிற்பதே அச்சம். மருத்துவ நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவ்வம்மையார் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

நண்பர் நகைத்தார். "படுத்தவுடன் தூங்கிவிடுகிறேன்; எனக்கென்ன நோய்?" என்றார். படுத்தவுடன் மட்டுமா தூங்கினார்? வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டே தூங்கினார். அலுவலகக் கூட்டத்தில் தூங்கினார். மெட்ரோ ரயிலில் நின்றவாறே தூங்கி, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போனார். இரண்டு மாத்திரை மூன்று மாத்திரையாகியும் அவருடைய இரத்த அழுத்தம் இறங்க மறுத்தது. காலையில் தலைவலியோடு எழுந்தார். முன்னெல்லாம் நகைச்சுவை மிகுந்தவர், சிறு சொல்லுக்கும் சினந்தார். அலுவலகத்தில் அவருக்குக் கும்பகர்ணன் என்று பெயரிட்டார்கள்.

பிறகு ஒரு நாள், தம் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனவர், தௌலா குவான் அருகே சிவப்பு விளக்கில் நின்றபடியே ஸ்கூட்டரோடு சாய்ந்தார். தந்தைக்கு முழங்கையிற் சிராய்ப்பு. மகளுக்கு ஒன்றும் இல்லை. "வண்டியில் ஏதோ கோளாறு" என்று நண்பர் சொன்னார். மகள் சொன்னது வேறு: "வண்டியில் ஒன்றும் இல்லை, மாமா. அப்பா தூங்கிவிட்டார்." நின்ற வண்டியில் வந்த அந்த உறக்கம் ஓடும் வண்டியில் வந்திருந்தால் என் செய்வது? அதை எங்களால் நினைக்கவும் முடியவில்லை. அந்த ஞாயிறே எல்லோரும் கூடி அவரை மருத்துவரிடம் போகச் செய்வது என்று முடிவு செய்தோம்.

இனி நோயின் இயல்பைச் சொல்கின்றோம். மருத்துவர் இதனை ஸ்லீப் அப்னியா என்பர். அப்னியா என்பது கிரேக்கச் சொல். மூச்சில்லாமை என்று பொருள். உறங்கும்போது உடலின் தசைகளெல்லாம் தளர்கின்றன. தொண்டையைச் சுற்றியுள்ள தசைகளும் தளர்கின்றன. நாக்கின் அடி பின்னோக்கிச் சரிகின்றது. காற்றுப் போகும் வழி குறுகுகின்றது. குறுகிய வழியில் காற்று உரசிச் செல்லும்போது எழும் அதிர்வே குறட்டை. வழி முற்றும் அடைபட்டால் குறட்டையும் நிற்கும், மூச்சும் நிற்கும். மார்பு காற்றுக்காக முயல்கின்றது, காற்று வருவதில்லை. குருதியில் பிராணவாயு குறைகின்றது. உடனே மூளை விழித்துக்கொண்டு உடலை உலுக்குகின்றது. பெருமூச்சோடும் திணறலோடும் வழி திறக்கின்றது. மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. இவ்வாறு இரவு முழுவதும்.

ரயில்வே நண்பர்களுக்கு இது நன்கு விளங்கும். நம் எஞ்சின்களில் விழிப்புக் கருவி ஒன்று உண்டு. ஓட்டுபவர் ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் எந்தக் கைப்பிடியையும் பொத்தானையும் தொடாதிருந்தால் முதலில் விளக்கு எரியும். பிறகு ஒலி எழும். அதற்கும் அசைவில்லையேல் பிரேக் தானே விழுந்து வண்டி நிற்கும். மூச்சு நின்றவனை மூளை எழுப்புவதும் அத்தகைய ஏற்பாடே. உயிரைக் காப்பது அதுதான். ஆனால் இரவெல்லாம் அந்த மணி அடித்துக்கொண்டே இருந்தால் உறக்கம் ஏது?

மூச்சு பத்து நொடியாவது நின்றால் அதனை ஒருமுறை என்று கணக்கிடுகின்றனர். மூச்சு மிகவும் குறைந்து போவதையும் சேர்த்து எண்ணுகின்றனர். மணிக்கு ஐந்து முறைக்கு மேல் நிகழ்ந்தால் நோயின் தொடக்கம். பதினைந்துக்கு மேல் நடுத்தரம். முப்பதுக்கு மேல் கடுமை. எங்கள் நண்பருக்கு வந்த கணக்கு முப்பதுக்கு மேல். நாங்கள் கணக்கெழுதிப் பழகியவர்கள் ஆதலால் பெருக்கிப் பார்த்தோம். மணிக்கு முப்பது என்று குறைத்து வைத்தாலும், ஏழு மணி நேரத்தில் இருநூற்றுப் பத்து. ஓரிரவில் இருநூற்றுப் பத்து முறை உங்களை ஒருவர் தோளைப் பிடித்து உலுக்கினால் மறுநாள் நீங்கள் எப்படி இருப்பீர்கள்? உலுக்கியது மட்டும் நினைவில் நிற்பதில்லை. அதனால்தான் நோயாளி, "நான் நன்றாகத் தூங்கினேன்" என்று சத்தியம் செய்கின்றான். உலகம் அவனைக் கும்பகர்ணன் என்கின்றது. உண்மையில் அவன் இலக்குவன். இரவு முழுவதும் உறங்காதவன்.

இந்நோயை உலகம் வெகுகாலம் நகைச்சுவையாகவே கண்டது. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1836, 1837-ஆம் ஆண்டுகளில் எழுதிய பிக்விக் கதையில், எப்பொழுதும் உண்பதும் நின்றபடியே உறங்குவதுமாக இருக்கும் பருத்த பையன் ஒருவன் வருகின்றான். படித்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். 1956-ஆம் ஆண்டில் பர்வெல் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர் தோழர்களும், உடல் மிகப் பருத்துப் பகலெல்லாம் உறங்கி விழுந்த நோயாளி ஒருவரைப் பற்றி எழுதியபோது, அப்பையனை நினைந்து நோய்க்குப் பிக்விக் பெயரையே இட்டனர். அந்நோயாளி நம்மைப் போல் வாரம் ஒருமுறை நண்பர்களோடு சீட்டாடுபவர். ஒரு நாள் அவர் கையில் மூன்று ஆசும் இரண்டு ராஜாவும் ஒருங்கே வந்தன. அந்த ஆட்டத்தில் அதனினும் சிறந்த கை வருவது அரிது. ஆனால் அவர் அப்படியே உறங்கிவிட்டார், ஆட்டம் போயிற்று. அதன் பிறகே அவர் மருத்துவமனைக்குப் போனார். நண்பர்களின் பொழுதுபோக்குக் கூட்டமே நோயை வெளிப்படுத்திற்று என்பது எங்களைப் போன்றவர்க்கு ஒரு செய்தி. ஒருவன் உறங்கி விழுவதை முதலிற் காண்பவர் நண்பர்களே. அவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், அல்லது, "என்ன காரணம்?" என்று கேட்கலாம்.

சீட்டாட்டத்தில் இழப்பது ஓர் ஆட்டம். ரயிலில்? 2013-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், நியூயார்க் நகரை நோக்கி வந்த பயணிகள் ரயில் ஒன்று, மணிக்கு முப்பது மைல் வேகத்தில் கடக்க வேண்டிய வளைவில் எண்பத்திரண்டு மைல் வேகத்தில் பாய்ந்து தடம் புரண்டது. நால்வர் மாண்டனர். ஓட்டியவர் அந்நேரம் உறங்கிவிட்டார் என்றும், தமக்கே தெரியாத கடுமையான அப்னியா அவருக்கு இருந்தது என்றும் விசாரணையிற் கண்டனர். 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள், நியூஜெர்ஸியின் ஹோபோக்கன் முனையத்தில் மற்றொரு ரயில் தடுப்பை மோதி மேடைமேல் ஏறிற்று. மேடையில் நின்ற பெண்மணி ஒருவர் உயிரிழந்தார்; நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அங்கும் அதே நோய். அங்கும் ஓட்டியவர்க்கு அது தெரியாது. இருவரும் குடித்தவர் அல்லர். கடமையை மறந்தவர் அல்லர். அவர்கள் உறங்கும்போது எழுந்த ஓசையைக் கேட்டு, "பரிசோதித்துக்கொள்" என்று சொல்வார் இல்லை. அல்லது சொல்லியும் செவி ஏறவில்லை.

இதனைப் பேசியபொழுது எங்கள் லோகோ பைலட் நண்பர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்னர் அவர் சொன்னதை அவருடைய இசைவோடே இங்கு சொல்கின்றோம். "எனக்கும் குறட்டை உண்டு. ரன்னிங் ரூமில் என் பக்கத்துக் கட்டிலில் படுக்க எல்லோரும் தயங்குகிறார்கள். ஆனால் டாக்டரிடம் போய்ச் சொன்னால் என்னை எஞ்சினிலிருந்து இறக்கிவிட்டால்? இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஓட்டத்துக்கான படி போனால் குடும்பம் என்னாகும்?"

இந்த அச்சம் பொய்யன்று. அதனைக் கோழைத்தனம் என்று சொல்ல எங்களுக்கு வாயில்லை. மாதச் சம்பளத்தில் வாழ்பவர் எவர்க்கும் இவ்வச்சம் புரியும். ஆயினும் நாங்கள் மூன்று ஞாயிறுகள் இதைப் பற்றியே பேசினோம். இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. சிகிச்சை பெறுபவர் பகலில் விழிப்போடு இருக்கின்றார். மருத்துவத் தகுதி குறைந்தவரைத் தெருவில் விடாமல் மாற்று வேலையும் சம்பளப் பாதுகாப்பும் தரும் விதி ரயில்வேயில் உண்டு. படி குறையலாம், அது துன்பமே. ஆனால் மறைத்து வைத்த நோய் ஒரு நாள் தானே வெளிப்படுமாயின், அது வெளிப்படும் இடம் மருத்துவர் அறையாக இராது. ஆயிரம் பேர் உறங்கிக்கொண்டு வரும் வண்டியின் முன்னணியாக இருக்கும். பெரியவர் ஒருவரே இதற்கு முடிவு சொன்னார்: "தம்பி, பழுது தெரிந்த எஞ்சினை நீ எடுத்துக்கொண்டு போவாயா? புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தானே விடுவாய்? உன் உடம்புக்கும் அந்தப் புத்தகத்தைத் திற." நண்பர் தாமே சென்று மருத்துவரிடம் சொன்னார். அவருடைய சோதனை நடந்துவருகின்றது. முடிவு எதுவாயினும் நாங்கள் அவருடன் இருக்கின்றோம் என்பதை இம்மேடையிலே சொல்லிவிடுகின்றோம்.

சோதனை எப்படிப்பட்டது என்று அறிந்தால் பாதி அச்சம் போகும். ஓரிரவு உறங்க வேண்டும், அவ்வளவே. தலையில் சில கம்பிகளை ஒட்டுகின்றனர். மார்பிலும் வயிற்றிலும் பட்டை கட்டுகின்றனர். மூக்கருகே ஒரு குழாய். விரல் நுனியில் பிராணவாயுவை அளக்கும் கிளிப். ஊசி இல்லை, வலி இல்லை. சிலருக்கு வீட்டிலேயே செய்யும் சிறு சோதனையும் போதும் என்கின்றனர். சோதனைக்கு முன் யாரை ஐயுற வேண்டும் என்பதற்கு டொராண்டோ நகர மருத்துவர்கள் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட வினாத்தாள் ஒன்று உலகெங்கும் வழங்குகின்றது. எட்டே வினாக்கள். உரத்த குறட்டை உண்டா? பகலில் சோர்வு உண்டா? உறக்கத்தில் மூச்சு நிற்பதைப் பிறர் கண்டதுண்டா? இரத்த அழுத்தம் உண்டா? உயரத்திற்கு மிஞ்சிய பருமன் உண்டா? வயது ஐம்பதுக்கு மேலா? கழுத்தின் சுற்றளவு நாற்பது சென்டிமீட்டருக்கு மேலா? ஆணா? மூன்றுக்கு "ஆம்" என்று விடை வந்தாலே மருத்துவரைப் பார்ப்பது நலம். இவற்றுள் ஒரு வினாவிற்கு நோயாளியால் விடை கூற இயலாது. மூன்றாவது வினாவைத்தான் சொல்கின்றோம். அதற்குரிய சாட்சி அருகில் படுத்திருப்பவரே. தாய்மார்களே, அந்தச் சாட்சியம் உங்கள் கையில் இருக்கின்றது.

பருத்தவர்க்கே இந்நோய் என்று எண்ணி மெலிந்தவர் மகிழ வேண்டா. தாடை சிறியதாய் அமைந்த மெலிந்தவர்க்கும் வரும். ஆண்களுக்கே என்பதும் பிழை. மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கும் மிகுதியாக வரும். அவர்களுக்குக் குறட்டை குறைந்து, சோர்வும் உறக்கமின்மையும் மட்டும் தோன்றுவதால் எவரும் ஐயுறுவதில்லை. "வீட்டு வேலைக் களைப்பு" என்று சொல்லி விட்டுவிடுகின்றோம். குழந்தைகளையும் கவனியுங்கள். டான்சில் பருத்த பிள்ளை வாயைத் திறந்து மூச்சு விட்டு, குறட்டையோடு உறங்கி, பள்ளியில் கவனமின்றி இருந்தால், அப்பிள்ளையை மந்தன் என்று அடிப்பதற்கு முன் தொண்டையைக் காட்டுங்கள்.

சிகிச்சைக்கு வருவோம். பருமன் உள்ளவர் எடையைக் குறைத்தால் நோய் தணிகின்றது. மல்லாந்து படுப்பதினும் ஒருக்களித்துப் படுப்பது சிலர்க்கு உதவுகின்றது. மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்துவதால் தவிர்க்கத் தக்கவை. சிலர்க்குப் பல் மருத்துவர் செய்து தரும் வாய்க்கருவி, சிலர்க்கு அறுவை. நடுத்தரமும் கடுமையுமான நோய்க்குத் தலைசிறந்தது மூக்கில் முகமூடி வைத்துக் காற்றை மெல்லிய அழுத்தத்தோடு செலுத்தும் சீபேப் கருவி. காற்றே தொண்டையைத் திறந்து வைக்கும் தூண் ஆகின்றது.

இக்கருவி பிறந்த கதை பழைய இயந்திரங்களோடு பழகுபவர்க்கு இனிக்கும். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகர மருத்துவர் காலின் ஸல்லிவன், தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரை எடுத்து, உறிஞ்சுவதற்கு மாறாகக் காற்றை ஊதும்படி அமைத்து, நோயாளியின் மூக்கில் பொருத்தினார். 1981-ஆம் ஆண்டில் அதன் பயனை லான்ஸெட் பத்திரிகையில் வெளியிட்டார். அதற்கு முன் கடுமையான நோயாளிக்கு இருந்த வழி தொண்டையில் துளையிடுவது ஒன்றே. ஒரு மருத்துவரின் கைவேலை எத்தனையோ பேருடைய தொண்டையைக் கத்தியிலிருந்து காத்தது.

எங்கள் நண்பரும் இப்பொழுது அக்கருவியோடு உறங்குகின்றார். முதல் வாரம் முகமூடி உறுத்திற்று, மூக்கு வறண்டது, கழற்றி எறிந்துவிடலாம் என்று இருந்தார். வெட்கமும் சேர்ந்துகொண்டது. குழாய் தொங்கும் முகத்தைக் கண்டு அவருடைய மகள், "அப்பா பிள்ளையார் போல இருக்கிறார்" என்று கைகூப்பினாளாம். அந்தச் சிரிப்பில் வெட்கம் கரைந்தது. முகமூடியின் அளவை மாற்றித் தந்தார்கள், பழகிற்று. ஒரு மாதத்தில் காலைத் தலைவலி போயிற்று. வேப்பமரத்தடியில் பேச்சு முடியும்வரை விழித்திருக்கின்றார். உண்மையைச் சொன்னால், இப்பொழுது அவரே அதிகம் பேசுகின்றார். மருத்துவர் சரியென்று சொல்லும்வரை அவர் வண்டி ஓட்டவில்லை. மகளைப் பேருந்தில் அழைத்துச் சென்றார். அவர் இல்லத்தரசியார் என்ன சொன்னார் தெரியுமோ? "அண்ணா, பல ஆண்டுகளுக்குப் பிறகு நானும் தூங்குகிறேன்" என்றார். ஒரு நோயாளிக்குச் சிகிச்சை, இருவருக்கு உறக்கம்.

இறுதியாக மூன்று வேண்டுகோள்கள். இல்லத்தாருக்கு ஒன்று: குறட்டை நடுவில் நிற்கின்றதா, நின்ற பின் திணறல் எழுகின்றதா என்று கேளுங்கள், கேட்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள், சொன்னால் கணவர் கோபிப்பார் என்று அடக்கிக்கொள்ள வேண்டா. கைப்பேசியில் அவ்வோசையைப் பதிந்து காட்டினும் தக்கதே. நண்பர்களுக்கு ஒன்று: உறங்கி விழுபவனுக்குப் பட்டப் பெயர் இடாதீர்; துணைக்குச் செல்லுங்கள். தனியே போகத் தயங்குபவன் இருவர் கூட வந்தால் போவான். சங்கத்திற்கு ஒன்று: ஆண்டுக்கு ஒருமுறை கண் சோதனை முகாம் நடத்துவது போல், அடுத்த முகாமில் மருத்துவர் ஒருவரை அழைத்து அவ்வெட்டு வினாக்களையும் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு வீட்டிற்கும் வழங்குக. அச்சுச் செலவில் எங்கள் குழுவும் பங்கு கொள்ளும்.

நம்மிற் பலர் ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்து வாழ்கின்றோம். இங்கே நமக்கு அண்ணனும் தம்பியும் அத்தையும் மாமனும் இந்தக் காலனியும் இந்தச் சங்கமுமே. ஊரில் இருந்திருந்தால் திண்ணையிற் படுத்தவன் மூச்சுத் திணறுவதைத் தெருவே கேட்டிருக்கும். இங்கே கதவை அடைத்து, ரஜாய் போர்த்திப் படுக்கின்றோம். ஆகவே ஒருவர் மூச்சை ஒருவர் கேட்கும் கடமை நமக்குச் சற்று மிகுதி.